உடைஞ்ச துண்டைத் தூக்கிப் போடாதீங்க: ஓசூர்ப் பக்கத்து இரும்புக் கதை

நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில தொல்லியல் துறை தோண்டினப்ப, இரும்பு கிடைச்ச மண்ணடுக்குக்குக் காலக் கணக்கு பார்த்தாங்க. கி.மு. 2172-னு வந்துச்சு. 2022 மே மாசம் சட்டமன்றத்துலயே இதை அறிவிச்சாங்க. அப்படின்னா நாலாயிரம் வருஷத்துக்கு மேல இந்த மண்ணுல இரும்பு புழங்குது. புழங்குற இரும்பு தேயும், உடையும். இரும்பை உருக்கினவங்களைப் பத்தி நிறையப் பேசுறோம். உடைஞ்சதைச் சரி பண்ணிக் கொடுத்தவங்களைப் பத்திப் பேசுறது கம்மி. விவசாயிக்கு ரெண்டாவது ஆள்தான் ரொம்ப வேண்டியவர்.

ஓசூரும் கிருஷ்ணகிரியும் 1965 வரைக்கும் சேலம் ஜில்லாவுல இருந்த ஊருங்க. அந்தப் பழைய ஜில்லாவுல இரும்புக் கல்லையும் மரக்கரியையும் மண் உலையில போட்டு, துருத்தி ஊதி இரும்பு எடுத்தாங்க. 1830-ல ஜோசையா மார்ஷல் ஹீத்னு ஒரு வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில பெரிய இரும்பு ஆலை வச்சு, சேலத்துத் தாதுவைக் கொண்டுபோய் உருக்கினார். அது நிலைக்கலை. அப்புறம் சீமை இரும்பு பட்டையாவும் கம்பியாவும் மலிவா வந்து இறங்கினதும் உள்ளூர்ல உருக்குற உலைங்க ஒண்ணொண்ணா அணைஞ்சு போச்சு.

ஆனா ஊர்க் கொல்லர் பட்டறை அணையலை. இரும்பு எங்கிருந்து வந்தா என்ன, சரளை மண்ணுல உழுதா கொழு தேயத்தான் செய்யும். தேஞ்ச கொழுவுக்கு அவர் புது இரும்பை ஒட்டு வைப்பார். ரெண்டையும் வெள்ளைச் சூடு வர்ற வரைக்கும் காய்ச்சி, சம்மட்டியால அடிச்சு ஒண்ணாக்குவார். அரிவாளுக்கும் கோடாலிக்கும் தோய்ச்சல் கொடுப்பார். செவந்த இரும்பைத் தண்ணியில முக்கினா கெட்டிப்படும், ஆனா கண்ணாடி மாதிரி உடையும். திரும்ப லேசா சூடு காட்டி, வாயில ஓடுற நிறத்தைப் பார்த்து நிறுத்தினாத்தான் கெட்டியும் இருக்கும், உடையவும் உடையாது. லாரிங்க ஓட ஆரம்பிச்ச பிறகு, உடைஞ்ச ஸ்பிரிங் பட்டை அவருக்கு நல்ல உருக்காக் கிடைச்சுது. இதுக்கெல்லாம் கூலி, அறுவடைக் களத்துல தானியம்.

அவர்கிட்ட வரைபடம் எதுவும் கிடையாது. நாம கொண்டுபோற உடைஞ்ச துண்டுதான் அவருக்கு அளவு.

அப்புறம் காலம் மாறுச்சு. தமிழ்நாடு அரசு 1971-ல சிப்காட்டை ஆரம்பிச்சுது. ஓசூர்ல தொழிற்பேட்டை வந்துச்சு. 1980-ல அசோக் லேலண்ட் தொழிற்சாலை, அதே வருஷம் டிவிஎஸ் 50, அந்தப் பத்து வருஷம் முடியறதுக்குள்ள டைட்டன் கடிகாரம். பெரிய கம்பெனிங்களுக்கு உதிரி பாகம் செஞ்சு கொடுக்கச் சின்னச் சின்ன லேத் பட்டறைங்க சுத்திலும் முளைச்சுது. பக்கத்துல பெங்களூரு. அங்க 1953-லயே எச்எம்டி வந்து, நம்ம நாட்டுக்கு லேத் செஞ்சு கொடுத்துட்டு இருந்துச்சு. பவர் டில்லருக்கும் நாம தூரம் போக வேண்டியதில்லை. விஎஸ்டி கம்பெனி 1967-ல ஜப்பான் மிட்சுபிஷி கூட்டுல பெங்களூருலதான் ஆரம்பிச்சுது.

கம்பெனிக்காக வந்த லேத் விவசாயிக்கும் உதவுச்சு. ரோஜாத் தோட்டத்துலயும் தக்காளித் தோட்டத்துலயும் ஓடுற பவர் வீடர்ல ஷாப்ட் உடைஞ்சா, கொல்லர் உலையில அது ஆகாது. பேரிங் உட்கார்ற இடம் நூலளவு கூடினாலும் ஏறாது, குறைஞ்சாலும் ஆடும். அதை லேத்தில்தான் கடையணும். சாவி உட்கார்ற காடியை மில்லிங்ல வெட்டணும்.

நல்ல லேத்காரர் முதல்ல உடைஞ்ச முகத்தைத்தான் பார்ப்பார். பாதி கறுத்து வழவழன்னும், பாதி பளபளன்னும் இருந்தா, விரிசல் ரொம்ப நாளாவே ஓடியிருக்குன்னு அர்த்தம். பெரும்பாலும் சாவிக்காடி மூலையிலயோ, தடிமன் மாறுற இடத்துலயோ அது தொடங்கியிருக்கும். அதே மாதிரி கூர்மூலையோட செஞ்சா அங்கேயே திரும்ப உடையும். அதனால மூலையைக் கொஞ்சம் வளைவா விட்டுக் கடைவார். ஷாப்டுக்குச் சாதா இரும்புக் கம்பி தாங்காது, ஈஎன் 8 மாதிரி உருக்கு வேணும். வார்ப்பிரும்புக் கூடுன்னா வேற வைத்தியம். மெதுவா சூடேத்தி, நிக்கல் ராடு வச்சுப் பத்த வச்சு, சாம்பல்ல புதைச்சு ஆற விடணும். அவசரப்பட்டா பத்து வச்ச இடத்துக்குப் பக்கத்துலயே கீறல் விடும்.

ஊர்க் கொல்லருக்கு இருந்த அதே கண்ணுதான் இது. நெருப்புப் பக்கத்துல இருந்தது மிஷின் பக்கத்துக்கு வந்திருக்கு, அவ்வளவுதான்.

இப்ப அந்தக் கண்ணுக்குத்தான் ஆபத்து. சிஎன்சி வந்த பட்டறைக்கு ஒரே அச்சுல ஆயிரம் பீஸ் போட்டாத்தான் கட்டுப்படியாகும். நம்ம ஒத்தை ஷாப்டுக்காக மிஷினை நிறுத்த மனசு வராது, அவங்களைக் குறை சொல்லவும் முடியாது. கடைக்குப் போனா, ஒரு பல்சக்கரம் போனதுக்கு மொத்த கியர் பெட்டியையும் மாத்தச் சொல்றாங்க. பழைய மாடலுக்குப் பாகமே வர்றதில்லை. நல்லா ஓடுற இன்ஜினோட மிஷின் காயலான் கடைக்குப் போகுது. ரெண்டு ஏக்கர்காரனுக்கு அது ஒரு போகத்து லாபம்.

உலகம் முழுக்க இந்தப் பிரச்சினை இருக்கு. அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் விவசாயக் கருவியைப் பழுது பார்க்கிற உரிமைக்கு 2023-ல சட்டமே போட்டுச்சு. நம்ம மத்திய நுகர்வோர் துறையும் 2022-ல இதுக்குக் குழு போட்டு, விவசாயக் கருவியையும் பட்டியல்ல சேர்த்துச்சு. நல்லதுதான். ஆனா சட்டத்தால பாகமும் கையேடும் கிடைக்கும். கடையத் தெரிஞ்ச கை கிடைக்காது. அந்தக் கைக்கு வேலை கொடுத்துட்டே இருந்தாத்தான் அது இருக்கும்.

அதனால உடைஞ்சதைக் காயலான் கடையில போடாம ரெண்டு துண்டையும் எடுத்து வைங்க. உடைஞ்ச முகத்தைத் தேய்க்காதீங்க, எண்ணெய் தடவித் துணியில சுத்தி வைங்க. போகும்போது அது உட்கார்ற பேரிங்கையும் கையோட கொண்டு போங்க. பழைய லேத்காரர் யாரைக் கேட்டாலும், “துண்டைக் குடுண்ணா, அளவு நான் பார்த்துக்கிறேன்”னுதான் சொல்லுவார்.