வில்லங்கம் இல்லாத நிலம்

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உப்புக் குவியல்களுக்குப் போட்டியாக இப்போது மனை விளம்பரப் பலகைகள் நிற்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: வில்லங்கம் இல்லாத நிலம். செல்போனில் புல எண்ணைத் தட்டினால் சான்றும் வந்துவிடுகிறது. அந்தச் சான்றைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது தோழர்களே.

இந்தக் கடற்கரைக்கு வந்த ஒவ்வொரு வசதியும் நம் உழைப்பில் வந்தது. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. ஆந்திரக் கடற்கரையிலிருந்து தெற்கே வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தில் முடிகிறது. உப்பு அதில் படகேறிச் சென்னைக்குப் போனது. 1877-78 பஞ்சத்தின்போது சென்னைக்குள் அந்தக் கால்வாயின் இணைப்பை வெட்டியவர்கள் நிவாரணக் கூலிக்கு வந்த பட்டினி மக்கள். கூலி கிடைத்தது, கரையில் ஒரு சென்ட் நிலம் கிடைக்கவில்லை. இன்றும் பாத்தியில் இறங்கி உப்பு வாரும் நம் மக்களுக்கு அன்றாடக் கூலிதான். மழை மாதங்களில் அதுவும் கிடையாது.

கால்வாய் கடந்துவரும் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலமற்ற நிலை குறித்து 1891இல் அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டே மாகாண அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் விற்பனை செல்லாது. இதுதான் பஞ்சமி நிலம். 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு.

அதில் ஒரு பகுதி கடனுக்கும் மிரட்டலுக்கும் போனது. இன்னொரு பகுதி பேனா முனையில் போனது. நம் கூட்டங்களில் இதை நாம் குறைவாகவே பேசுகிறோம். 1979இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆரில், பழைய பதிவேட்டிலிருந்த ‘டி.சி. நிலம்’ என்ற குறிப்பு பல ஊர்களில் புதுப் பதிவேட்டுக்கு ஏறவேயில்லை. அனுபவத்தில் யார் இருந்தாரோ அவர் பெயருக்குப் பட்டா. பின்னாளில் கணினியில் ஏற்றியது இந்தப் புதுப் பதிவேட்டைத்தான்.

வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல், அவ்வளவுதான். பஞ்சமி நிலம் பத்திரம் போட்டுக் கொடுத்ததல்ல, வருவாய்த் துறை ஒப்படைத்தது. ஆகவே எத்தனை முறை தேடினாலும் அந்த நிபந்தனை சான்றில் வராது.

1994இல் மாமல்லபுரம் அருகே காரணையின் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் எழுந்தார்கள். அங்கே நிறுவிய அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை சுங்கச்சாலையானது 2002இல். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து நிலம் என்ன விலைக்குப் போகிறது என்பதை அந்தப் பலகைகளே சொல்லும்.

சென்ற மாதம் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டைக் கேட்டோம். “அதான் எல்லாம் ஆன்லைன்ல இருக்கே” என்றார் எழுத்தர். இருப்பது வேறு பதிவேடு என்று விளக்கவே அரை நாள் போனது. இப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருக்கிறோம். உங்கள் ஊருக்குக் கேட்கும்போது பழைய புல எண், புதிய புல எண் இரண்டையும் எழுதுங்கள். உட்பிரிவில் எண்கள் மாறியிருக்கும், ஒன்றை மட்டும் எழுதினால் ‘ஆவணம் இல்லை’ என்று பதில் வந்துவிடும்.