சாப்பிள்ளையும் சர்க்கார் ஏடும்

குடும்ப வரலாறு எழுதப் புகும் அன்பர்கள் பலரும் தாத்தா, அப்பா, மகன் என்று ஆண்வழியாகவே கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள். பாட்டிமார் கணக்கு வேறு. "பெத்தது ஏழு, தங்கினது நாலு" என்பார்கள். மீதி மூன்றில் தவழ்ந்து, பேசி, பிறகு இறந்ததும் இருக்கும். மூச்சே விடாமல் பிறந்ததும் இருக்கும். இந்தக் கடைசி வகைப் பிள்ளையை ஏடுகளில் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா? கும்பளங்கி, மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சிப் பக்கம் தலைமுறைகளாக வாழும் நம்மவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

இறந்தே பிறந்த குழந்தையைத் தமிழில் சாப்பிள்ளை என்போம். மலையாளத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான். சேர மன்னன் கணைக்கால் இரும்பொறை சோழன் சிறையில் பாடியதாகச் சொல்லப்படும் புறநானூற்று 74ஆம் பாட்டு, பிள்ளை செத்துப்போனாலும், வெறும் பிண்டமாகவே பிறந்தாலும், அதையும் ஓர் ஆளாக எண்ணி வாள் வைக்கும் குடியைப் பற்றிச் சொல்கிறது. அதுவும் ஓர் ஆள் என்ற எண்ணம் அன்றே இருந்திருக்கிறது.

சட்டமும் அப்படித்தான். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, உயிருடன் பிறப்பது, இறந்து பிறப்பது இரண்டையும் "பிறப்பு" என்கிறது. "இறப்பு" என்பதோ உயிருடன் பிறந்த பின் உயிர் போவது. ஆகவே 28 வாரம் நிறைந்து இறந்து பிறந்த பிள்ளை, சட்டப்படி பிறந்தது, ஆனால் இறக்கவில்லை! இது தெரியாமல் இறப்பு ஏட்டைப் புரட்டிப் புரட்டிப் பலர் களைத்துப்போகிறார்கள். இப்போதைய விதிகளில் அதற்கென்று தனி அறிக்கை (படிவம் 3), தனி ஏடு (படிவம் 9) உண்டு. அதில் குழந்தையின் பெயருக்கு இடம் கிடையாது. தேதி, ஆணா பெண்ணா, தாய் தந்தை பெயர், இடம், இவ்வளவுதான். எனவே தாயின் பெயரைக் கொண்டே தேட வேண்டும். 17ஆம் பிரிவின்படி ஏட்டைத் தேடித் தரும்படி பதிவாளரிடம் யாரும் விண்ணப்பிக்கலாம்.

எந்த ஊர் ஏடு என்பதில்தான் சிக்கல். பிரசவம் நடந்த இடத்தில்தான் பதிவு; குடியிருப்பு கணக்கில்லை. கும்பளங்கி வீட்டிலேயே மருத்துவச்சி (இங்கே வயற்றாட்டி) பார்த்திருந்தால் ஊராட்சி அலுவலகம், கொச்சி ஆஸ்பத்திரி என்றால் மாநகராட்சி. நம் வீடுகளிலோ தலைப்பிரசவம் தாய்வீட்டில்! முதல் பிள்ளை தவறியிருந்தால் அந்தப் பதிவு திருநெல்வேலிப் பக்கத்து ஏதோ கிராமத்தில் கிடக்கும். 1980 வரை அந்த ஏடு கிராம முன்சீப்பிடம், அதன் பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம்.

பழைய காலத்துக்குப் போனால் இன்னும் வேடிக்கை. 1949 வரை மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவுடையது. நடந்துபோகும் தூரத்திலுள்ள கோட்டைக் கொச்சி பிரிட்டிஷ் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது, 1956 வரை சென்னை ராஜ்யத்தில் இருந்தது. இரண்டு நகராட்சிகளும் எறணாகுளத்தோடு சேர்ந்து மாநகராட்சி ஆனது 1967இல்தான். வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பத்தார் கோவில் ஏட்டை நம்புவார்கள். ஆனால் அது ஞானஸ்நான ஏடு; மூச்சில்லாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அத்தகைய பிள்ளைகளுக்குத் திருச்சபை அடக்கத்தையும் மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டம்தான் பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தால் ஆயரின் அனுமதியுடன் அடக்கச் சடங்கு செய்ய வழிவிட்டது. இந்துக் குடும்பங்களில் சடங்கே இல்லாமல் புதைத்துவிடுவதால் எழுத்தே இராது.

எழுத்து இல்லாத இடத்தில் பெயர் பேசும். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த குழந்தையைக் குப்பையில் புரட்டிக் குப்புசாமி, குப்பம்மாள் என்பார்கள். தவிட்டுக்கு வாங்கினதாகச் சொல்லுவார்கள். பிச்சை, மண்ணாங்கட்டி என்றும் பெயர் வைப்பார்கள். வம்சாவளியில் இப்படி ஒரு பெயர் வந்தால் அதற்கு முன்னால் யார் என்று கேளுங்கள். தாத்தா பெயரையே பேரனுக்கு வைத்திருந்தால் இந்தக் குறிப்பு உதவாது என்பதும் உண்மை.

வீட்டுப் பெரிய பெண்களிடம் "எத்தனை பிள்ளைங்க?" என்றால் இருப்பவர்களை மட்டும் சொல்வார்கள். "எத்தனை பேறு?" என்று கேட்க வேண்டும். பேசப் பிடிக்காதவரை வற்புறுத்தக் கூடாது. சிலருக்குப் பிள்ளையின் முகத்தைக்கூட யாரும் காட்டியிருக்கமாட்டார்கள். வருஷம் ஞாபகம் இருக்காது. "பெரியவன் நடக்கப் பழகின சமயம்", "ஓணத்துக்கு முந்தி" என்பார்கள். பெரியவனுடைய பிறப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு அதிலிருந்து ஒன்றரை வருஷம் கூட்டிப் பாருங்கள், அந்த ஆண்டு ஏட்டைக் கேளுங்கள்.