வரிசை அறிதலும் இரண்டு விண்ணப்பங்களும்

பாம்பன் பாலம் கடந்து இராமநாதபுரத்துக்குப் படிக்க வரும் இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “ஐயா, வருகிற அறிவிப்புக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுவைப்பதா, வேண்டியதற்கு மட்டும் போடுவதா?” கேள்வி புதிதன்று. பரிசில் நாடி நடந்த சங்கப் புலவர்களுக்கும் இது இருந்தது.

புறநானூற்று 121ஆம் பாடலில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் நேராகவே பேசுகிறார். ஒரு வள்ளலை எண்ணி நான்கு திசையிலிருந்தும் பலர் வருவர். கொடுப்பது எளிது, அவரவர் வரிசை அறிவதே அரிது. ஆகவே புலவரைப் பொதுவாக நோக்குவதைத் தவிர்க்க வேண்டும் என்கிறார். கூட்டம் பெருகினால் தரம் காணும் கண் மங்கும் என்பதை அறிந்தவரின் சொல் இது.

பெருஞ்சித்திரனார் இன்னும் ஒருபடி மேலே போனார். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலே அனுப்பிய பரிசிலை, தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்று மறுத்தார். இளவெளிமான் தரமறியாது சிறிது கொடுத்தபோது அதையும் கொள்ளாது போய், குமணனிடம் யானை பெற்றுவந்து இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டினார். வீட்டிலோ பசி. அந்தப் பசியோடுதான் அவர் வாசலைத் தேர்ந்தார். ஆனால் ஒரே வாசலை நம்பி நின்றுவிடவில்லை.

இராமேசுவரத்தில் பிறந்து இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாமின் கதையும் இதனோடு ஒத்துப்போகிறது. வானூர்திப் பொறியியல் முடித்த அவர்முன் இரண்டு வழிகள் இருந்தன: விமானப்படை, பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப வளர்ச்சி, உற்பத்தி இயக்ககம். இரண்டுக்கும் விண்ணப்பித்தார். மனம் விரும்பியது பறப்பதை. டேராடூன் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுக்கப்பட்டவர்கள் எட்டுப் பேர். உடைந்த மனத்துடன் ரிஷிகேசம் சென்று சிவானந்தரைக் கண்டு தில்லி திரும்பியவரை மற்ற விண்ணப்பம் ஏற்றுக்கொண்டது. 1958இல் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் முதுநிலை அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தார். விண்ணப்பித்தது இரண்டே இடம். எனினும் அது ஒன்றாக இருந்திருந்தால் அன்று வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார்.

இதை வைத்து, எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கும் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். 2022ஆம் ஆண்டின் குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 22 லட்சம். அங்கே நோக்கு பொதுநோக்குதான்; மதிப்பெண் அன்றி வேறு வரிசை இல்லை. ஒரே படிப்பு பல தேர்வுகளுக்கும் உதவுமாதலால் அத்தகைய வாசல்கள் அனைத்தையும் தட்டுவதில் இழுக்கில்லை. எதிரே ஒருவர் அமர்ந்து நம்மை எடைபோடும் இடங்களோ வேறு. அங்கே நூறு இடத்துக்கு ஒரே கடிதத்தை அனுப்புகிறவன், கபிலர் கடிந்த பொதுநோக்கைத் தானே வரவழைத்துக்கொள்கிறான்.

ஆகவே கேட்கும் மாணவனிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: “அந்த வாசலில் உன்னைப் பார்ப்பார்களா, எண்ணிக்கையைப் பார்ப்பார்களா?”