முதல் வண்டி என்ற தகுதி மட்டும் போதுமா?

டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நீராவி எஞ்சின்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அங்கேயே 18040 என்ற எண்ணோடு ஒரு டீசல் எஞ்சினும் நிற்கிறது. 1962-இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் கட்டித் தந்த அது, டபிள்யூடிஎம்-2 வகையின் முதல் வண்டி. முதலாவது என்ற தகுதிக்காகவே அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்தத் தகுதி குறைவானதில்லை. ஆனால் அந்த எஞ்சினின் வரலாற்றுப் பெருமை, அமெரிக்கப் பட்டறையிலிருந்து அது வெளியே வந்த நாளில் இல்லை. இங்கே வந்து இறங்கிய பிறகு அதன் வகையை நம் பட்டறைகளும் பராமரிப்பு ஷெட்டுகளும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டியும் பழுதுபார்த்தும் திருத்தியும் ஓட்டினவே, அதில்தான் இருக்கிறது. அருங்காட்சியகங்கள் காட்டாமல் விடுவதும் அந்தப் பகுதியைத்தான்.

அதே காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திடமிருந்தும் டபிள்யூடிஎம்-4 என்ற பெயரில் 72 எஞ்சின்கள் வாங்கப்பட்டன. இரண்டுக்கும் ஒரே 2,600 குதிரைத்திறன். நுட்பத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியே மேலானது என்று கருதப்பட்டது; 1969-இல் ஹௌராவுக்கும் டெல்லிக்கும் இடையே ஓடிய முதல் ராஜதானி எக்ஸ்பிரஸை இழுத்ததும் அதுதான். என்றாலும், தொழில்நுட்பத்தைக் கைமாற்றித் தர இசைந்தது ஆல்கோதான். 1961-இல் நிறுவப்பட்ட வாரணாசி டீசல் எஞ்சின் தொழிற்சாலை அந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டு 1964 ஜனவரியில் தன் முதல் எஞ்சினை வெளியே விட்டது. ஐந்தே ஆண்டுகளில், 1969-இல், ஆல்கோ எஞ்சின் கட்டும் தொழிலையே மூடிவிட்டது. தாய் நிறுவனம் போனபின் அதன் வண்டிகளுக்குள் இருக்கும் 251 வகை டீசல் எஞ்சினை வாரணாசி தொடர்ந்து கட்டியது. 2,600 குதிரைத்திறனை 3,100 ஆகவும் பின்னர் 3,300 ஆகவும் உயர்த்தியது. 1996-இல் அதே வழிவந்த வண்டிகள் எம்8 என்ற பெயரில் இலங்கை ரயில்வேக்கும் போய்ச் சேர்ந்தன. வெறுமனே வாங்கி ஓட்டியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு முப்பது ஆண்டுகள் பழைய வடிவத்திலேயே நின்றுவிட்டோம், அதனால்தான் தொண்ணூறுகளில் மறுபடி ஜெனரல் மோட்டார்ஸின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று என்பார்கள். உண்மைதான், எஞ்சின் பக்கத்தில் வைக்கும் பலகையில் இதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். ஆனால் இரண்டாம் முறை அந்த நிறுவனம் முன்பு இசையாத தொழில்நுட்பக் கைமாற்றத்துக்கு ஒப்புக்கொண்டது, வாரணாசியும் அந்த வண்டிகளைத் தானே கட்டத் தொடங்கியது. முப்பது ஆண்டுகளாக டீசல் எஞ்சின் கட்டிப் பழகிய கைகள் அங்கே இல்லாமலிருந்தால் அது சாத்தியமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தேங்கி நின்றதாகச் சொல்லப்படும் காலமே பயிற்சிக் காலமாகவும் இருந்தது.

டீசல் எஞ்சின் வெறும் இரும்புப் பெட்டி, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. நீராவி எஞ்சின் தன் உறுப்புகளை வெளியே காட்டி ஓடும். டீசல் எல்லாவற்றையும் மூடி வைத்திருக்கும். அப்படியானால் பக்கக் கதவுகளைத் திறந்து வைப்பதுதான் அருங்காட்சியகத்தின் வேலை. உள்ளே எட்டும் எட்டுமாக இரண்டு சாய்ந்த வரிசைகளில் பதினாறு சிலிண்டர்கள், வெளியேறும் புகையின் வேகத்திலேயே சுழன்று காற்றை உள்ளே தள்ளும் டர்போ, அந்தச் சக்தியை மின்சாரமாக்கும் ஜெனரேட்டர், அச்சுக்கு ஒன்றாக ஆறு மோட்டார்கள். ஆல்கோ கிளம்பும்போது கக்கும் கரும்புகைக்கும் விளக்கம் அங்கேயே கிடைக்கும். டிரைவர் விசைப்பிடியின் படியை (நாட்ச்) கூட்டியதும் டீசல் உடனே பாய்ந்துவிடும்; டர்போ வேகம் பிடித்துப் போதிய காற்றைத் தரச் சற்று நேரம் ஆகும். அந்த இடைவெளியில் சரியாக எரியாத எண்ணெய்தான் வானில் கரியாக எழுகிறது. ஷெட் ஃபிட்டருக்குப் புகை ஒரு நோய்க்குறி: கறுப்பு நெடுநேரம் நீடித்தால் காற்று போதவில்லை, நீலம் கலந்தால் மசகெண்ணெய் எரிகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. ஷெட்டில் மோட்டார், டர்போ, சிலிண்டர் தலை என்று எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். பல டபிள்யூடிஎம்-2 எஞ்சின்களைப் பட்டியாலா ரயில்வே தொழிற்சாலையில் அடியோடு பிரித்து 3,100 குதிரைத்திறனுக்கு மாற்றியும் கட்டினார்கள். அப்படிப்பட்ட வண்டியில் எது அசல் என்ற கேள்வி எழத்தானே செய்யும்? நீராவிக் காலத்திலும் ஒரு வண்டியின் கொதிகலன் இன்னொன்றுக்கு மாறியது. அதற்காக அவற்றை யாரும் போலி என்று தள்ளவில்லை. மாற்றப்பட்ட பாகங்கள்தான் அந்த எஞ்சின் உழைத்ததற்குச் சான்று. ஒட்டு, வெட்டு, திருத்தம் எல்லாவற்றையும் பளபளக்கும் புதுப் பெயின்டில் மறைத்துவிட்டால் அந்தச் சான்று அழிந்துபோகிறது.

அகலப்பாதை மின்மயமாக்கம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆல்கோ வழி எஞ்சின்கள் பழைய இரும்பாக ஏலத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. முதல் வண்டி டெல்லியில் பத்திரமாக இருக்கிறது. அதற்குத் துணையாக, பட்டியாலாவில் மாற்றிக் கட்டப்பட்ட ஒரு வண்டியைக் கடைசியாக ஷெட்டை விட்டு வந்த கோலத்திலேயே வைக்க வேண்டும். ஈரோடு, பொன்மலை போன்ற ஷெட்டுகளின் பழுதுப் பதிவேடுகளையும் அங்கே செய்துகொண்ட தனிக் கருவிகளையும் அதோடு சேர்க்க வேண்டும். அந்தப் பதிவேடுகளைப் படித்துப் பொருள் சொல்லக்கூடிய ஃபிட்டர்களில் பலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்யும் வேலை ஏலத் தேதிகளுக்கு முன்பே தொடங்க வேண்டும்.