உதவி கேக்க கூச்சம் எதுக்கு?



கோயில்ல அன்னதானம் பரிமாறும்போது தொண்டூழியர்களான எங்களிடம் பல பெற்றோர் சொல்வது: "புள்ளைக்கு பாலியில இடம் கிடைச்சிருச்சு, ஃபீஸ் கட்டத்தான் வழியில்ல. போய்க் கேக்க கூச்சமா இருக்கு."

கொஞ்சம் வரலாறு சொல்றோம். 1950களில் தமிழ் முரசு கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் தழைக்க. சாதாரண உழைப்பாளிகளும் கொடுத்தாங்க. 1967ல் சிங்கப்பூர் இந்தியர் கல்வி அறநிதி வந்தது. அது கல்விக் கடன் தருது. படிச்சு வேலைக்குப் போய்த் திருப்பிக் கட்டுற காசு அடுத்த புள்ளைக்கு உதவும்.

1991ல் சிண்டா. உங்க சம்பளச் சீட்டைப் பாருங்க, மாசாமாசம் பிடித்தம் இருக்கும். சம்பளத்துக்கு ஏத்தபடி 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை. துப்புரவு வேலை பாக்குற அக்காவும் போடுறாங்க, மேனேஜரும் போடுறார்.

அப்படி நாம எல்லாரும் சேர்த்த காசு அது. நீங்களும் போட்டிருக்கீங்க.

முதல்ல கல்லூரியிலேயே அரசாங்க உதவித்தொகைக்கு மனு போடுங்க. பத்தலைன்னா சம்பளச் சீட்டோட பீட்டி ரோடு சிண்டாவுக்குப் போங்க. சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துலதான்.

காசு இல்லைன்னு எந்தப் புள்ளையும் படிப்பை விட வேண்டாம். ஃபாரம் நிரப்பத் தெரியலைன்னா கோயிலுக்கு வாங்க, சேர்ந்து நிரப்புவோம்.