சாந்தோமில் ஏறிய கொடிகளும் கணினிக்குள் ஒளிந்த கொடியும்

1672ஆம் ஆண்டு ஜூலை மாதம் சாந்தோம் கடற்கரைக்கு எதிரே பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து நின்றன. தலைமை வகித்தவர் தெ லா ஹே. ஊர் அப்போது கோல்கொண்டா சுல்தானின் வசம் இருந்தது. 1662 வரை போர்த்துக்கீசியர் வசம். சில நாட்களிலேயே கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறிவிட்டது. ஆனால் பிடித்த கோட்டையைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. நிலத்தில் கோல்கொண்டா படை, கடலில் டச்சுக் கப்பல்கள். இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்து, 1674 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்தார்கள்.

கொடியைப் பிடிப்பதும் காப்பதுமான இந்தப் போர்முறை பிற்காலத்தில் சாரணர் முகாம்களில் விளையாட்டானது. அங்கிருந்து கணினிக்குள் புகுந்தது. அதன் பெயர் ‘கேப்சர் தி ஃபிளாக்’. மாணவர்கள் சொல்வது சி.டி.எஃப்.

அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் 1993இல் தொடங்கிய டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில், 1996 முதல் இந்தப் போட்டி நடக்கிறது. இங்கே கொடி என்பது துணியல்ல. கணினிக்குள் ஒளித்து வைக்கப்பட்ட ஓர் எழுத்துச் சரம். அதைக் கண்டெடுத்துக் கொடுத்தால் புள்ளி. ஒவ்வோர் அணிக்கும் ஒரு சர்வர் உண்டு. எதிரணியின் சர்வரில் ஓட்டை தேடும்போதே தன் சர்வரில் உள்ள ஓட்டையையும் அடைக்க வேண்டும். பயந்து சர்வரை மூடிவிட்டாலும் புள்ளி போய்விடும். தெ லா ஹேயின் நிலைமைதான்.

ஆனால் அது தேர்ந்தவர்களின் களம். கல்லூரி மாணவர்களுக்கென்று இதை வகுப்பறைப் பயிற்சியாக மாற்றியவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகப் பேராசிரியர் ஜியோவானி விக்னா. 2001இலும் 2002இலும் தம் மாணவர்களுக்குள் நடத்திப் பார்த்துவிட்டு, 2003இல் பிற பல்கலைக்கழகங்களையும் இணையவழி சேர்த்துக்கொண்டார்.

இந்தியாவில் அந்த இடம் 2010இல் தொடங்கிய இன்சி.டி.எஃப். போட்டிக்கு உரியது. கோவை எட்டிமடையைத் தலைமையகமாகக் கொண்ட அமிர்தா விஸ்வ வித்யாபீடத்தின் கேரள வளாகமான அமிர்தபுரியில், ‘பயாஸ்’ என்ற மாணவர் குழு அதை நடத்தியது. அதன் அமைப்பில்தான் அருமை இருக்கிறது. போட்டிக்கு முன்பு கற்கும் சுற்று ஒன்று வைத்தார்கள். ஒன்றும் தெரியாமல் பெயர் கொடுத்த அணியும் பாடம் படித்து, சிறு சிறு புதிர்களை அவிழ்த்து, பிறகு களத்தில் இறங்கலாம். ‘தெரிந்தவன் வா’ என்பதற்குப் பதிலாக ‘வா, தெரிந்துகொள்’ என்றது அந்தப் போட்டி. இந்திய மாணவர்களுக்கு அப்போது தேவைப்பட்டது அதுதான்.

அந்தத் தேவைக்குச் சட்டத்திலும் ஒரு காரணம் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன்படி, உரியவர் அனுமதி இல்லாமல் அவருடைய கணினிக்குள் நுழைவது தவறு. தீய நோக்கத்தோடு செய்தால் சிறைத்தண்டனை வரை போகும். ஆர்வக்கோளாறில் கல்லூரி இணையதளத்தைக் குடைந்து பார்க்கும் பிள்ளைக்கு இது விளையாட்டல்ல. போட்டியிலோ, உடைத்துப் பார் என்று அனுமதி கொடுத்தே சர்வரை முன்னால் வைக்கிறார்கள்.

புதியவர்களுக்கான புதிர் எப்படி இருக்கும்? ‘ஞநள்’ என்று ஒரு சொல் தரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூலியஸ் சீசர் கையாண்ட பழைய முறை இது: ஒவ்வோர் எழுத்தையும் மூன்று இடம் தள்ளி எழுதுவது. க, ங, ச, ஞ என்ற வரிசையில் ஞ-விலிருந்து மூன்று இடம் பின்னால் வந்தால் க. அப்படியே ந-வுக்கு ட, ள்-ளுக்கு ல். விடை ‘கடல்’. ஐந்து நிமிட வேலைதான். ஆனால் முதல் கொடியைப் பிடித்த மகிழ்ச்சி மாணவரை அடுத்த புதிருக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

அடுத்தது ஓர் உள்நுழைவுப் பக்கம். பெயர்க் கட்டத்தில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைத் தட்டினால் பக்கம் பிழைச் செய்தி காட்டுகிறது. அந்தப் பிழைதான் துப்பு. தட்டியது வெறும் பெயராகப் போகாமல், தரவுத்தளத்துக்குப் போகும் கட்டளையோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். மேற்கோள் குறி பெயரை அங்கேயே முடித்துவிடுகிறது. அதற்குப் பின் எழுதுவதெல்லாம் கட்டளை. ‘அல்லது ஒன்றும் ஒன்றும் சமம்’ என்ற நிபந்தனையை அங்கே சேர்த்து, அதற்குப் பின் வரும் கடவுச்சொல் சோதனையையும் செயலிழக்கச் செய்தால், நிபந்தனை எப்போதும் உண்மை என்பதால், கடவுச்சொல் இல்லாமலே கதவு திறக்கிறது. இதைத் தன் கையால் ஒருமுறை செய்து பார்த்த மாணவர், நாளை வேலைக்குப் போய் எழுதும் நிரலில் அந்த ஓட்டையை எளிதில் விடமாட்டார். பாடநூலில் ஒரு பத்தியாகப் படித்தவருக்கு அந்த எச்சரிக்கை வருவது கடினம்.

இன்சி.டி.எஃப். போலவே மாணவர்களுக்கு வேறு வாசல்களும் திறந்தன. 2013இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் பள்ளிப் பிள்ளைகளுக்காக பிக்கோசி.டி.எஃப். தொடங்கியது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் சீசா போட்டி 2016 முதல் ஐஐடி கான்பூர் வழியாக இந்திய மாணவர்களையும் எட்டியது. பெண்கள் இந்தக் களத்தில் குறைவாக இருப்பதைப் பார்த்து, அமிர்தா மாணவியரின் ‘சக்தி’ குழு 2020இல் தொடக்க நிலையினருக்கான ஒரு போட்டியை நடத்தியது. தயக்கத்தோடு வாசலில் நிற்பவரை உள்ளே அழைக்கும் வேலையை இப்படி மாணவியரே எடுத்துச் செய்தது பெரிய காரியம்.

இந்தப் போட்டிகளில் ஒரு நல்ல வழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஆட்டம் முடிந்ததும், புதிரை எப்படி அவிழ்த்தோம் என்று அணிகள் விரிவாக எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடும். வென்றவர் எழுதியதைத் தோற்றவர் படித்து, அடுத்த ஆண்டு முந்திவிடலாம். ஆனால் இந்த விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்குப் புதிரைவிட அந்த மொழியே முதல் பூட்டாகிவிடுகிறது.

பிக்கோசி.டி.எஃப். பயிற்சிப் புதிர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆண்டு முழுவதும் திறந்திருக்கின்றன. சாந்தோமிலும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் உள்ள கல்லூரி மாணவர்கள் இன்றைக்கே ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். அவிழ்த்தவர்கள், அவிழ்த்த வழியைத் தமிழிலும் எழுதி வையுங்கள்.