ஆர்க்னி டியூக்: எட்டு மாதம் நிலைக்காத பட்டம்

ஸ்காட்லாந்துப் பிரபுக்களின் வரலாற்றில் ஆர்க்னி டியூக் என்ற பட்டத்தின் ஆயுள் எட்டு மாதம்கூட இல்லை. 1567 மே மாதம் வழங்கப்பட்ட அது, அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத் தீர்ப்பால் பறிக்கப்பட்டது. அதைப் பெற்றவர் ஒரே ஒருவர்: போத்வெல்லின் நான்காம் ஏர்ல், ஜேம்ஸ் ஹெப்பர்ன்.

அந்த ஆண்டு பிப்ரவரி 10 அதிகாலையில் எடின்பரோவின் கர்க் ஓ ஃபீல்ட் வீடு வெடிமருந்தால் தகர்ந்தது. ஸ்காட்லாந்து அரசி மேரியின் கணவர் டார்ன்லி வெளியே தோட்டத்தில் பிணமாகக் கிடந்தார். உடலில் வெடிக்காயம் எதுவுமில்லை. பழி போத்வெல் மேல் விழுந்தது. ஏப்ரல் 12-இல் விசாரணை நடந்தது, அவர் விடுதலையானார். ஏப்ரல் 24-இல் அரசியை வழிமறித்து டன்பார் கோட்டைக்குக் கொண்டுபோனார். மே முதல் வாரத்தில், அரசியை மணப்பதற்காக, மனைவி ஜீன் கார்டனிடமிருந்து மணவிலக்குப் பெற்றார்.

அரசியை மணப்பவருக்கு ஏர்ல் என்ற தகுதி போதாது. டியூக் பட்டமோ அந்நாளில் பெரும்பாலும் அரச குடும்பத்தாருக்கே உரியது. மே 12 அன்று ஹோலிரூட்டில் மேரி தம் கையாலேயே டியூக்கின் முடியை அவர் தலையில் சூட்டினார். மே 15-இல் திருமணம். நடத்திவைத்தவர் ஆர்க்னி ஆயர் ஆடம் போத்வெல்.

பட்டத்துக்குப் பெயர் தந்த ஆர்க்னி, டென்மார்க்கையும் நார்வேயையும் ஆண்ட முதலாம் கிறிஸ்டியன் 1468-இல் தம் மகள் மார்கரெட்டின் சீதனத்துக்கு ஈடாக ஸ்காட்லாந்திடம் அடகு வைத்த தீவுக்கூட்டம். அடகு மீட்கப்படவில்லை, 1472-இல் ஸ்காட்லாந்து அரசு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

திருமணம் முடிந்து ஒரு மாதத்தில், ஜூன் 15-இல், கார்பெரி குன்றில் எதிர்ப் பிரபுக்களின் படை திரண்டு நின்றது. அரசி சரணடைந்தார், போத்வெல் தப்பி, தம் பட்டத்துக்குரிய தீவுகளையே நாடிப் போனார். ஆர்க்னியின் கர்க்வால் கோட்டையைக் காத்துவந்த கில்பர்ட் பால்ஃபர் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. அங்கிருந்து ஷெட்லாந்துக்கு ஓடினார். துரத்திவந்த யூனிகார்ன் என்ற கப்பல் பிரெஸ்ஸே அருகே பாறையில் மோதி மூழ்கியது. அந்தப் பாறைக்கு இன்றும் அதே பெயர்தான்.

நார்வே சென்றவர் அங்கே பிடிபட்டு டென்மார்க்குக்கு அனுப்பப்பட்டார். மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக்கிடம் உதவி வேண்டி, ஆர்க்னியையும் ஷெட்லாந்தையும் திருப்பித் தருவதாக வாக்களித்தார். கோட்டைக்குள்ளேயே நுழைய முடியாதவர் தீவுகளை எப்படித் தர முடியும்? ஏறத்தாழப் பதினோராண்டுச் சிறைவாழ்வின் முடிவில், 1578-இல், டிராக்ஸ்ஹோம் கோட்டையில் இறந்தார்.

1581-இல் ராபர்ட் ஸ்டூவர்ட்டுக்கு ஆர்க்னி கொடுக்கப்பட்டபோது ஏர்ல் பட்டமே வழங்கப்பட்டது. டியூக் பட்டம் பிறகு எவருக்கும் தரப்படவில்லை. பிரபுப் பட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் பட்டயத்தை மட்டும் பார்த்தால் போதாது. கோட்டைச் சாவி யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.